இழையின் தோலும் துணைப்பொருளும்

(சங்கத்தின் வெள்ளிவிழா அறிவியல் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழாச் சொற்பொழிவுகளில் அறிவியலுக்கென ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருப்பது நமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது. கல்வியின் தேவையைக் குறித்து இம்மேடையில் பலரும் சிறப்புறப் பேசிவிட்டனர். ஆகவே இன்று கல்வியைப் பற்றிப் பேசாது, கற்கத்தக்க ஒரு பொருளையே எடுத்துக்கொண்டு பேசுவோம். பீங்கான் இழைகளைச் செய்யும்போது சேர்க்கப்படும் துணைப்பொருள்கள் அவ்விழைகளின் புறப்பரப்பின் வேதியியலை எங்ஙனம் மாற்றுகின்றன என்பதே அப்பொருள். நாம் பி.ஏ., பி.எட். படித்து வகுப்பறையில் நின்றவர்களேயன்றி ஆய்வுக்கூடத்தில் நின்றவர்களல்லோம். எனினும் பத்தாம் வகுப்பு அறிவியலைக் கருத்தூன்றிப் படித்த எவரும் இதனைப் பின்தொடரலாம் என்னும் துணிவிலேயே பேச முற்படுகின்றோம்.

இது யாருக்கு வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்திற்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் பயிலகம் உள்ளது. இராணிப்பேட்டையில் பீங்கான் இழைப் போர்வை உற்பத்தி செய்யும் ஆலை உள்ளது. உலைகளுக்கு உட்போர்வை இடும் வேலைக்கும், பழைய போர்வையைப் பிரித்தெடுக்கும் வேலைக்கும் கூலிக்குச் செல்வோர் யாவர் என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. படிப்பவர்க்கும் வேண்டும், பணிசெய்பவர்க்கும் வேண்டும்.

பீங்கான் என்றவுடன் தேநீர்க் கோப்பையும் ஊறுகாய்ச் சாடியும் நினைவுக்கு வரும். அவை கீழே விழுந்தால் நொறுங்கும். அதே இனப் பொருளை மயிரினும் மெல்லிய இழையாக நீட்டினால் அது வளைகின்றது, நூலாகத் திரிகின்றது, துணியாக நெய்யவும் படுகின்றது. இரும்பு உருகும் வெப்பத்திலும் சில இழைகள் உருகா. அலுமினாவும் சிலிக்காவும் கலந்த இழைகள் ஒரு வகை, சிலிக்கன் கார்பைடு இழைகள் மற்றொரு வகை. முன்னது உலையின் போர்வைக்கும், பின்னது வானூர்தி எஞ்சினுக்கும் செல்கின்றன. இரண்டிற்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. இழையின் பயன் அதன் உள்ளுடலால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அதன் தோலாலும் தீர்மானிக்கப்படுகின்றது. அந்தத் தோலை உருவாக்குவதில், 'வேலை முடிந்ததும் போய்விடும்' என்று கருதிச் சேர்க்கப்பட்ட பொருள்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இதனை விளங்கிக்கொள்ள நெசவாளர் தெருவுக்கே செல்வோம். நம்மவரிலும் தறி நெய்தவர் உண்டு. எனவே இது புதிய காட்சியன்று. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்த்துத் தூரிகையால் நீவி ஆற்றுவர். கஞ்சி ஏன்? பருத்தி நூலில் சிலிர்த்து நிற்கும் சிறு மயிர்கள் படிந்தால்தான் விழுதிலும் அச்சிலும் உராயும்போது நூல் அறாதிருக்கும். துணி ஆனபின் கஞ்சிக்கு வேலையில்லை. மாறாக, அது இருக்குமானால் சாயம் ஏறாது. ஆகையால் துவைத்துப் போக்கிவிடுகின்றனர். உள்ளே இழைக்கு நன்மை செய்த பொருளே வெளியே சாயத்துக்குத் தடையாயிற்று. இவ்வளவுதான் நம் பேச்சின் கரு. பருத்தியில் தண்ணீரும் தப்பட்டையும் போதும். பீங்கான் இழையில் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

பீங்கான் இழைக்கும் கஞ்சி உண்டு. நூற்றுக்கணக்கான மெல்லிழைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நூலாகச் சுற்றப்படும்போது ஒன்றையொன்று உரசிக் கீறிக்கொள்ளும். பீங்கானில் ஒரு சிறு கீறல் போதும், அங்கேயே ஒடியும். ஆகவே பாலிவினைல் ஆல்கஹால், பாலிவினைல் அசிட்டேட், எப்பாக்சி போன்ற பலபடிப் பொருள்களை மிக மெல்லியதாகப் பூசுகின்றனர். அதன் எடை இழையின் எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 மைக்ரான் குறுக்களவும் 2.55 அடர்த்தியும் உடைய சிலிக்கன் கார்பைடு இழையில் ஒரு கிராம் எடுத்து நீட்டினால் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் வரும். அந்த ஒரு கிராமின் புறப்பரப்பு சுமார் 0.11 சதுர மீட்டர். ஒரு கிலோவுக்கு 110 சதுர மீட்டர், அதாவது இந்த மண்டபத்தின் தரையளவு. பூசிய பத்து மில்லிகிராம் பசையை அந்தப் பரப்பில் சமமாகப் பரப்பினால் அதன் தடிமன் 80 நானோமீட்டர் அளவே ஆகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத, கைக்கும் புலப்படாத இந்த ஆடைதான் முதன்முதலில் பிற பொருள்களைச் சந்திக்கின்றது. இழையைச் சந்திப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அதன் ஆடையைச் சந்திக்கின்றோம்.

ஆடையைக் களைந்தால் அடியில் இருப்பது என்ன? அங்கும் தூய பொருள் இல்லை. காற்றில் ஈரம் உள்ளவரை சிலிக்காவின் மேற்பரப்பு வெறுமையாக இருப்பதில்லை. அங்குள்ள சிலிக்கன் அணுக்கள் நீரிலிருந்து ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொள்கின்றன. நன்கு நீரேறிய சிலிக்காப் பரப்பில் சதுர நானோமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கும். அவையே பரப்பின் கைகள். அலுமினாவின் கைகளோ வேறு தன்மையன. நீரில் இட்டால் சிலிக்கா அமில காரக் குறியீடு 2 அளவிலும், அலுமினா 9 அளவிலும் மின்னேற்றம் அற்ற நிலையை அடைகின்றன. ஆகவே நடுநிலையான சாதாரண நீரில் சிலிக்கா எதிர் மின்னேற்றமும் அலுமினா நேர் மின்னேற்றமும் கொண்டு நிற்கும். ஒரே குழம்பில் இரண்டையும் தோய்த்தால் ஒன்றில் ஒட்டுவது மற்றொன்றில் ஒட்டாது. அலுமினா இழையின்மேல் சில நானோமீட்டர் சிலிக்காப் படலம் படிந்துவிட்டால், உள்ளே அலுமினாவே நிறைந்திருந்தாலும் வெளியே அது சிலிக்காவைப் போலவே நடந்துகொள்ளும்.

இந்தக் கைகளை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்ட கதை, பீங்கானுக்கு நெருங்கிய உறவான கண்ணாடி இழையில் நிகழ்ந்தது. 1940-களில் கண்ணாடி இழையைப் பிசினில் பதித்துத் தகடுகள் செய்தபோது, உலர்ந்த நிலையில் வலிமையாக இருந்தவை நீர்பட்டவுடன் வலுவிழந்தன. நீர் சென்று இழைக்கும் பிசினுக்கும் இடையே புகுந்துகொண்டது. அதற்கு மருந்தாக வந்தவை சிலேன்கள் என்னும் கூட்டுப்பொருள்கள். சிலேனின் ஒரு முனை கண்ணாடியின் ஹைட்ராக்சில் கையைப் பற்றிக்கொள்ளும். மறு முனை பிசினோடு பிணையும். இன்றைக்குக் கண்ணாடி இழையின் பூச்சில் சிலேன் சேராமல் இருப்பது அரிது. இங்கே துணைப்பொருள் போகவேண்டியதன்று, தங்கவேண்டியது. நெசவுக்கென்று பூசிய மாவும் எண்ணெயும் கலந்த பூச்சு போகவேண்டியது. பிசினுக்கென்று பூசிய சிலேன் தங்கவேண்டியது. இவ்வேறுபாட்டை அறியாது இரண்டையும் 'பூச்சு' என்ற ஒரே சொல்லால் அழைப்பதனால் வரும் குழப்பம் சிறிதன்று.

இனிச் சிலிக்கன் கார்பைடுக்கு வருவோம். இதுவே நம் உரையின் நடுப்பகுதி. சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகின்றோம்.

சிலிக்கன் கார்பைடு உப்புத்தாளைப் போலத் தேய்ப்பதற்குப் பயன்படும் கடினமான பொருள் என்பதைத் தச்சர்கள் அறிவர். அதனை உருக்கி இழையாக இழுக்க இயலாது. ஏனெனில் அது உருகுவதற்கு முன்பே சிதைகின்றது. ஜப்பான் நாட்டுத் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்ஷி யாஜிமாவும் அவர்தம் குழுவினரும் 1975-இல் இதற்கு ஒரு வழி கண்டு வெளியிட்டனர். சிலிக்கனும் கரியும் மாறிமாறி அமைந்த பாலிகார்போசிலேன் என்னும் பிசின் போன்ற பொருளை முதலில் செய்தனர். அதனை உருக்கி இழையாக இழுத்தனர். பின்னர் அந்த இழையைச் சுட்டுப் பீங்கானாக்கினர். அப்பம் சுடுமுன் மாவைப் பிழிவது போன்ற உத்தி இது. நிப்பான் கார்பன் நிறுவனம் இம்முறையில் நிக்கலான் என்னும் இழையை 1980-களின் தொடக்கத்தில் வணிகத்துக்குக் கொண்டுவந்தது.

ஒரு சிக்கல் இடையில் நின்றது. பிசின் இழையை நேரே சூளையிலிட்டால் அது மீண்டும் உருகிக் கட்டியாகிவிடும். உருகாதிருக்க அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அதற்கு எளிய வழியாக இழையை ஏறத்தாழ 190 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றில் வைத்தனர். காற்றின் ஆக்சிஜன் உட்புகுந்து சிலிக்கன் அணுக்களுக்கிடையே பாலம் அமைத்தது. இழை உருகாமல் நின்றது. பிறகு 1,200 பாகைக்கு மேல் சுட்டனர். இங்குத் துணைப்பொருள் யாது? காசு கொடுத்து வாங்காத காற்றே துணைப்பொருள். அதன் விலை பின்னரே தெரிந்தது. சுட்டு முடித்த இழையின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஆக்சிஜனாகவே தங்கிவிட்டது. அத்துடன் மிகையான கரியும் தங்கிற்று. 1,200 பாகைக்கு மேல் இழை பணிசெய்யத் தொடங்கியதும் அந்த ஆக்சிஜனும் கரியும் சிலிக்கன் மோனாக்சைடு, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுக்களாக வெளியேறின. உள்ளிருந்து வாயு வெளியேறிய இழையின் பரப்பில் குழிகள் விழுந்தன, படிகங்கள் பருத்தன, வலிமை குன்றியது. பிள்ளைப் பருவத்தில் புகட்டியது முதுமையில் நோயாக வந்தது என்பர் நம் பாட்டிமார், அதுபோலாயிற்று.

இதற்கு மாற்றாக ஜப்பானிய அறிஞர்கள் ஆக்சிஜனையே விலக்கினர். காற்றுக்குப் பதில் ஹீலியம் வாயுச் சூழலில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி மூலக்கூறுகளைப் பிணைத்தனர். 1990-களில் வந்த ஹை-நிக்கலான் இழையில் ஆக்சிஜன் நூற்றுக்கு அரைப் பங்களவே இருந்தது. விலை உயர்ந்தது, இழையின் வெப்பத் தாங்குதிறனும் உயர்ந்தது.

இவ்விழைகளின் மேற்பூச்சைப் போக்குவதிலும் ஒரு தொல்லை உண்டு. பூச்சைக் காற்றில் எரித்தால் பூச்சு போகும், ஆனால் வெப்பம் மிகுந்தால் இழையின் பரப்பிலுள்ள சிலிக்கனும் ஆக்சிஜனோடு சேர்ந்து சிலிக்காப் படலமாகும். ஆக்சிஜன் இல்லாத வாயுவில் சூடாக்கினால் சிலிக்கா உண்டாகாது, ஆனால் பூச்சு முழுதும் போகாமல் கரியாகப் படிந்துவிடும். முன்னதில் கண்ணாடித் தோல், பின்னதில் கரித் தோல். தோலில்லாத நிலை எளிதில் கிட்டுவதில்லை. அலுமினா இழைகளுக்கு இத்தொல்லை குறைவு. அவை ஏற்கெனவே ஆக்சைடுகளாதலால் காற்றில் 700 பாகை அளவில் எரித்தே பூச்சைப் போக்கலாம்.

தோல் எதுவாயிருந்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கு ஒரு சாக்குக் கட்டியையும் ஒரு மூங்கிற்கழியையும் எடுத்துக்கொள்வோம். சாக்குக் கட்டியை வளைத்தால் ஓரிடத்தில் தோன்றிய விரிசல் நேரே ஊடுருவிப் படீரென்று ஒடியும். மூங்கிலை வளைத்தால் விரிசல் நாரை எதிர்கொண்டதும் வழிமாறி நாரின் நீளத்தோடு ஓடும். நார்கள் ஒவ்வொன்றாக உருவப்படும். முறியும், ஆனால் முறியப்போவதை அறிவித்துவிட்டு முறியும். பீங்கானில் பீங்கான் இழையைப் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருளிலும் அவ்வாறே. இழையும் அதனைச் சூழ்ந்த பீங்கானும் இறுக ஒட்டிவிட்டால் விரிசலுக்கு இரண்டும் ஒன்றே, சாக்குக் கட்டிதான். சற்றே தளர்வாக ஒட்டியிருந்தால் மூங்கில். பிசினில் பதிக்கும் கண்ணாடி இழை இறுக ஒட்டவேண்டும் என்றோம். பீங்கானில் பதிக்கும் பீங்கான் இழையோ இறுக ஒட்டக்கூடாது என்கின்றோம். முரண் போலத் தோன்றினும் இரண்டும் உண்மை. பிசின் வளைந்து கொடுக்கும், பீங்கான் வளையாது.

அமெரிக்காவில் யுனைட்டெட் டெக்னாலஜிஸ் ஆய்வு மையத்தில் பிரென்னனும் பிரீவோவும் நிக்கலான் இழையைக் கண்ணாடிப் பீங்கானில் பதித்து ஆய்ந்து 1982-இல் வெளியிட்ட முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. அந்தக் கூட்டுப்பொருள் எதிர்பார்த்ததைவிட மிகுந்த உறுதிப்பாடு காட்டியது. காரணத்தைத் தேடியபோது இழைக்கும் கண்ணாடிப் பீங்கானுக்கும் நடுவே மெல்லிய கரிப்படலம் ஒன்று தானாகவே உருவாகியிருப்பது பின்னர்ப் புலனாயிற்று. சிலிக்கன் கார்பைடு ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிலிக்காவாக மாறும்போது அதன் கரி விடுபட்டு அங்கே தங்கியிருந்தது. யாரும் பூசாத பூச்சு அது. அதுவே விரிசலை வழிமாற்றி இழையைக் காத்தது. இழையின் குறை என்று கருதப்பட்ட நிலையற்ற தன்மையிலிருந்தே இந்த நன்மை பிறந்தது. அறிவியலில் இத்தகைய தற்செயல்களைக் கண்டு மகிழலாம்; ஆனால் தற்செயலை நம்பி எஞ்சின் செய்ய இயலாது.

அந்தக் கரிப்படலத்துக்கும் ஒரு குறை இருந்தது. கரி காற்றில் எரியும். கூட்டுப்பொருளில் நுண்விரிசல் ஒன்று விழுந்து அதன் வழியே காற்று உட்சென்றால், 500 பாகைக்கு மேலேயே கரிப்படலம் எரிந்து மறையத் தொடங்கும். அவ்விடத்தைச் சிலிக்கா வந்து நிரப்பி இழையையும் சூழ்பொருளையும் இறுகப் பற்றவைத்துவிடும். மூங்கில் மீண்டும் சாக்குக் கட்டியாகும். வெளியே பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது என்பதுதான் இதில் அச்சமூட்டும் செய்தி. ஆகவே கரிக்குப் பதிலாகப் போரான் நைட்ரைடு என்னும் பொருளை நாடினர். அது கரியைப் போலவே அடுக்கடுக்காக வழுக்கும் இயல்புடையது. கரியைவிட உயர்ந்த வெப்பம்வரை ஆக்சிஜனுக்கு ஈடுகொடுக்கும். ஈரம் மிகுந்த சூடான காற்று அதற்கும் பகையே. அதன் ஆக்சைடு நீராவியோடு சேர்ந்து ஆவியாகிப் போகும்.

போரானைப் பற்றிப் பேச்செடுத்தமையால், துணைப்பொருள் வரலாற்றில் நாம் மிகவும் விரும்பும் ஓர் நிகழ்ச்சியைக் கூறிவிடுகின்றோம். சிலிக்கன் கார்பைடு இழையிலுள்ள ஆக்சிஜனையும் மிகைக் கரியையும் ஒழிக்க வேண்டுமானால் மிக உயர்ந்த வெப்பத்தில் அதனைச் சுட்டு இறுக்க வேண்டும். அவை வெளியேறியபின் உள்ளே நுண்துளைகள் எஞ்சும். அத்துளைகள் மூடி இழை கெட்டிப்பட வேண்டுமெனில் படிகங்களுக்கிடையே அணுக்கள் நகர உதவும் ஒரு பொருள் வேண்டும். ஜப்பானின் ஊபே நிறுவனத்தார் அலுமினியத்தைச் சேர்த்தனர். அவர்தம் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டௌ கார்னிங் நிறுவனத்தார் போரானைச் சேர்த்துச் சில்ராமிக் என்னும் இழையைச் செய்தனர். போரான் தன் வேலையைச் செவ்வனே செய்தது. துளைகள் மூடின, இழை இறுகியது. ஆனால் வேலை முடிந்தபின்னும் மிகைப் போரான் படிகங்களின் எல்லைகளில் தங்கிவிட்டது. தங்கிய போரான் இரண்டு தீங்குகளைச் செய்தது. உயர்வெப்பத்தில் இழை பளுவின்கீழ் மெல்ல மெல்ல நீள்வதற்கு அது வழிவிட்டது. மேற்பரப்பில் ஆக்சிஜன் பட்டபோது போரான் கலந்த கண்ணாடியாக உருகி, பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவும் செய்தது.

கிளீவ்லாந்து நகரிலுள்ள நாசாவின் கிளென் ஆய்வு மையத்தார் 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இதற்குக் கண்ட தீர்வு எளிமையும் அழகும் உடையது. போரானைக் கழுவிப் போக்க அவர்கள் முயலவில்லை. இழையை நைட்ரஜன் வாயுவில் உயர்வெப்பத்தில் வைத்தனர். உள்ளே சிதறிக்கிடந்த போரான் நைட்ரஜனை நாடிப் பரப்பை நோக்கி நகர்ந்தது. அங்கே நைட்ரஜனோடு சேர்ந்து போரான் நைட்ரைடுத் தோலாக, ஏறத்தாழ நூறு நானோமீட்டர் தடிமனில் படிந்தது. உள்ளே எல்லைகள் தூய்மையடைந்ததால் இழை நீள்வது குறைந்தது. வெளியே வேண்டிய தோலும் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து இழைகள் நேரே தொட்டுக்கொள்ளாதபடி அத்தோலே இடைவெளியும் தந்தது. தொல்லை கொடுத்த அதே அணுவை இடம் மாற்றியதன்றி, புதிதாக அவர்கள் பூசியது ஏதுமில்லை. மேற்பரப்பு வேதியியலை அறியாதவர் 'போரானைக் குறையுங்கள்' என்று சொல்லியிருப்பர்; அறிந்தவர் 'போரானை வெளியே வரவழையுங்கள்' என்றனர்.

இத்தகைய இழைகளும் பூச்சுகளும் இணைந்த கூட்டுப்பொருள்களின் எடை, எஞ்சினில் பயன்படும் நிக்கல் உலோகக் கலவையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2016-இல் பயணியர் சேவைக்கு வந்த லீப் எஞ்சினின் வெப்பமிகு பகுதியில் சுழலிதழ்களைச் சுற்றியமைந்த வளையத்தில் இப்பொருள் இடம்பெற்றது. அந்த எஞ்சின் பூட்டிய ஏர்பஸ் வானூர்திகள் நம் நாட்டு வானிலும் பறக்கின்றன. நூற்றெண்பது பேர் அமர்ந்து செல்லும் ஊர்தியின் பாதுகாப்பில் நூறு நானோமீட்டர்த் தோலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது, வேதியியல் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வளவு மெல்லிய தோலில் என்ன இருக்கின்றது என்று எப்படி அறிகின்றனர்? எக்ஸ் கதிரைப் பரப்பின்மேல் பாய்ச்சி, அங்கிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பர். ஆழத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிவர இயலாமையால், பத்து நானோமீட்டருக்கு உட்பட்ட தோலின் செய்தியே கிடைக்கும். எந்த அணு என்பது மட்டுமன்று, அது ஆக்சிஜனோடு பிணைந்துள்ளதா கரியோடு பிணைந்துள்ளதா என்பதும் தெரியும். இம்முறையை உருவாக்கிய சுவீடன் நாட்டு அறிஞர் கை சீக்பானுக்கு 1981-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். தயாரிப்பாளர்கள் பூச்சின் முழுச் செய்முறையை வணிக மறைபொருளாகவே காக்கின்றனர். பையின்மீது அலுமினா இவ்வளவு, சிலிக்கா இவ்வளவு என்று அச்சிட்டிருப்பது உள்ளுடலின் செய்தி. தோலின் செய்தியை வாங்குபவரே கேட்டறிய வேண்டும். கேட்பதற்கு எதைக் கேட்பது என்ற அறிவு முதலில் வேண்டும்.

இறுதியாக, எஞ்சினிலிருந்து இறங்கி உலைக்கு வருவோம். உலைப்போர்வைக்கான இழை மலிவானது. அலுமினாவும் சிலிக்காவும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவையை மின்னுலையில் உருக்கி, சுழலும் உருளைகளின்மேல் ஊற்றிச் சிதறடிக்கின்றனர். பஞ்சு போலப் பறக்கும் இழைகளைச் சேர்த்து, ஊசிகளால் குத்திப் பின்னிப் போர்வையாக்குகின்றனர். ஊசி இறங்கும்போது இழை ஒடியாதிருக்கச் சிறிதளவு வழுவழுப்புப் பொருள் சேர்ப்பர். அப்பொருள் இன்னொரு நன்மையும் செய்கின்றது. தூசி பறப்பதைக் குறைக்கின்றது. புதுப் போர்வையைத் தொட்டால் மெத்தென்றிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உலையை முதன்முறை மூட்டும்போது அது புகைந்து நாறிப் போர்வையைச் சற்றே கறுக்கச் செய்து, பின் எரிந்து மறைகின்றது. முதல் மூட்டத்தின்போது காற்றோட்டம் வேண்டும் என்பது அதனால்தான்.

அதன்பின் இழை ஆடையின்றி வெப்பத்தில் கிடக்கின்றது. 980 பாகையையொட்டி அதன் கண்ணாடித் தன்மை கலைந்து முல்லைட்டு என்னும் படிகம் தோன்றுகின்றது. இன்னும் உயர்ந்த வெப்பத்தில் நெடுநாள் இருந்தால் எஞ்சிய சிலிக்கா கிறிஸ்டோபலைட்டு என்னும் படிகமாக மாறுகின்றது. போகும்போது மெத்தென்று போன போர்வை, வரும்போது மொறுமொறுவென்று பொடியும் நிலையில் வருகின்றது. புதிய இழையையே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்து, மறு ஆய்வுக்குப் பின்னும் அவ்வரிசையிலேயே நிறுத்தியது. மூச்சில் புகும் கிறிஸ்டோபலைட்டுத் தூளையோ 1997-இல் புற்றுநோய் விளைவிப்பது உறுதி என்ற முதல் வரிசையில் வைத்தது. பழைய உலையைப் பிரிப்பவர் கையில் வருவது, புதிய போர்வையை விரித்தவர் கையிலிருந்த பொருளன்று. பெயர் ஒன்று, சரக்கு வேறு. நுரையீரல் பெயரைப் படிப்பதில்லை; பரப்பைத்தான் சந்திக்கின்றது.

இதனாலேயே கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த சிலிக்கேட்டு இழைகள் பின்னர் வந்தன. நுரையீரலின் நீர்மத்தில் அவை அலுமினா இழையைவிட விரைவாகக் கரைகின்றன. வெப்பம் மிக உயராத உலைகளுக்கு அவை போதும். மிக உயர்ந்த வெப்பத்துக்கு இன்றும் பழைய வகையையே நாடுகின்றனர்.

ஆகவே நம் பிள்ளைகளில் எவரேனும் உலைப்பணிக்குச் செல்வாராயின், மூன்று செய்திகளைக் கேட்டறிந்து செல்லட்டும். போர்வையின் வகை யாது? அது எத்தனை பாகை வெப்பத்தில், எத்தனை ஆண்டு கிடந்தது? பிரிக்குமுன் அதனை நனைக்க ஏற்பாடு உண்டா? உலை முற்றிலும் ஆறிய பின்னரே நீரை மெல்லிய தூவலாகத் தெளித்து நனைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் கிழிக்கவோ, துடைப்பத்தால் பெருக்கவோ, காற்றுக்குழாயால் ஊதவோ கூடாது. வாயில் கட்டும் துண்டு இவ்விழையைத் தடுக்காது. நுண்துகளுக்கென்று செய்த முகமூடியே வேண்டும். அணிந்த உடையை வீட்டுக்குக் கொண்டுசென்று பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. முகமூடி தரமறுக்கும் ஒப்பந்தக்காரரிடம் கிறிஸ்டோபலைட்டு என்ற சொல்லைத் தெளிவாக உச்சரித்துக் கேட்கலாம். விளக்கம் வேண்டுவோர் கூட்டம் முடிந்தபின் இங்கேயே இருக்கலாம். கரும்பலகையும் சாக்குக் கட்டியும் ஆயத்தமாக உள்ளன.